கும்பகோணம் டூ சென்னை: பஸ்ஸா, ஃப்ளைட்டா, காரா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

கும்பகோணத்தை ஒட்டின தாராசுரத்துல சின்னதா ஒரு பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா சிட்டா, கூடவே டிக்கெட் புக்கிங். டிக்கெட் போட வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் சேர்ல உக்காந்த உடனே கேக்குறது ஒரே கேள்விதான், எதுல போறதுன்னு. சொல்லிச் சொல்லி தொண்டை வறண்டு போச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன். அவங்க எப்படிக் கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன். கணக்கெல்லாம் கும்பகோணத்தை வச்சு, தஞ்சாவூர் மாயவரம் ஆளுங்களுக்கு எங்க மாறுதோ அங்க சொல்லிடுறேன்.

அண்ணே, சென்னைக்கு எதுல போனா சீக்கிரம் போலாம்?

"ஃப்ளைட்டுதானே, ஒரு மணி நேரம்"னு பதிலையும் அவங்களே சொல்லிடுவாங்க. பறக்குறது ஒரு மணி நேரம்தான், ஒத்துக்கிறேன். ஆனா நீங்க திருச்சி ஏர்போர்ட் வாசல்லயா குடியிருக்கீங்க? நம்ம வீட்டு வாசல்ல செருப்பு மாட்டுனதுலேருந்து அங்க போற வீட்டு வாசல்ல செருப்பு கழட்டுற வரைக்கும் எண்ணுங்க, அதுதான் பயண நேரம்.

போன மாசம் ஒருத்தருக்கு பேப்பர்லயே எழுதிக் காட்டினேன். காலைல 10 மணி ஃப்ளைட். செக்-இன் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க, அதனால எட்டரைக்கு அங்க நிக்கணும். இங்கேருந்து ஏர்போர்ட் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், டீ குடிக்க நிறுத்துறது, திருச்சிக்குள்ள நெரிசல் எல்லாம் சேத்து ரெண்டரை மணி நேரம் வச்சுக்கங்க, அப்ப 6 மணிக்கு கிளம்பணும். 11 மணிக்கு மீனம்பாக்கத்துல இறங்கி, பெட்டி வந்து, வண்டி பிடிச்சு வேளச்சேரி போக 12. ஆக மொத்தம் 6 மணி நேரம். அதே 6 மணிக்கு கார்ல கிளம்பினவரும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு வேளச்சேரி போயிருப்பார், நடுவுல பண்ருட்டில பலாப்பழமும் வாங்கியிருப்பார். பஸ்ஸுன்னா இதுக்கு மேல ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் கூட ஆகும், அவ்ளோதான் வித்தியாசம்.

அப்ப ஃப்ளைட்டே வேஸ்ட்டா?

அப்படிச் சொல்லல. நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்கங்கிறதுதான் விஷயம். வல்லம், செங்கிப்பட்டி, தஞ்சாவூர்ல மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம்னா ஏர்போர்ட்டுக்கு ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரத்துல போயிடலாம், அவங்களுக்கு ஃப்ளைட் மிச்சம்தான். கும்பகோணம் நடு. மாயவரம், சீர்காழி, நாகப்பட்டினம்னா யோசிக்கவே வேணாம், வடக்க இருக்குற சென்னைக்குப் போக மேற்கால 130, 140 கிலோமீட்டர் போய் ஃப்ளைட் ஏறுறது தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதை.

சென்னையைத் தாண்டி மும்பை, டெல்லின்னு போறவங்களுக்கு கணக்கே வேற. ஒரே டிக்கெட்டா திருச்சிலேருந்தே போட்டுக்கங்க, பெட்டியையும் இங்கயே போட்டுட்டா கடைசி ஊர்ல எடுத்துக்கலாம். திருச்சில புது டெர்மினல் 2024ல வந்ததுக்கப்புறம் உள்ள இடம் தாராளமா இருக்கு, பழைய கட்டடத்துல சிங்கப்பூர் ஃப்ளைட்டுக்கு வழியனுப்ப வேன் வேனா வந்த கூட்டத்துல முட்டிக்கிட்டு நின்ன கதையெல்லாம் இப்ப இல்ல.

தஞ்சாவூர்லயே ஏர்போர்ட் இருக்குல்ல சார்?

இருக்கு, அது விமானப்படை தளம். 2013ல திறந்தது. பயணிகள் விமானம் வரப்போகுதுன்னு அப்பப்ப பேப்பர்ல போடுவாங்க, வந்தப்புறம் பேசிக்கலாம்.

எது செலவு கம்மி?

எத்தனை பேர் போறீங்க, அதச் சொல்லுங்க முதல்ல. ஒரே ஆள்னா கவர்மென்ட் பஸ்ஸ அடிச்சுக்க ஆளில்ல. நாலு பேர்னா கார். சென்னை சுமார் 280, 290 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கொடுக்குற வண்டின்னா 19, 20 லிட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்ன்னு வச்சா ரெண்டாயிரம் ரூபாய். டோல் தனி. நாலா வகுத்தா ஏசி பஸ் டிக்கெட்டை விட குறைவா வரும், அங்க போய் ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசுற வேலையும் மிச்சம். ரெண்டு பேர்னாதான் இழுபறி, அப்ப நான் பஸ்ஸுன்னுதான் சொல்லுவேன்.

ஃப்ளைட்ல எல்லாரும் டிக்கெட் ரேட்டை மட்டும் பாக்குறாங்க. திருச்சி வரைக்கும் டாக்சி எடுத்தா அந்த வண்டி காலியா திரும்புறதுக்கும் சேத்து நீங்கதான் கொடுக்கணும், 200 கிலோமீட்டர் வாடகை. ஆஃபர்ல டிக்கெட் சீப்பா கிடைச்சுதுன்னு குதிச்ச ஒருத்தருக்கு டாக்சி பில் டிக்கெட்டை தாண்டிடுச்சு. தனி ஆளா லக்கேஜ் கம்மியா இருந்தா பஸ்லயே திருச்சி போய் இறங்கி ஆட்டோ பிடிச்சிடுங்க, புதுக்கோட்டை ரோட்டுலதான் ஏர்போர்ட்.

பஸ்ஸுன்னா கவர்மென்ட்டா, ஆம்னியா?

பகல்ல போறீங்கன்னா கவர்மென்ட், கண்ணை மூடிட்டு. நம்ம ஊர்தானே கும்பகோணம் கோட்டத்துக்கு தலைமையகம், அந்தக் காலத்து சோழன் போக்குவரத்துக் கழகம் 1972ல ஆரம்பிச்சது இங்கதான், அதனால சென்னை வண்டிக்கு பஞ்சமே கிடையாது, ஒண்ணு போனா பின்னாடியே இன்னொண்ணு வரும். டிக்கெட்டுக்கு ஃபிக்ஸட் ரேட்டு. குறைன்னா, மூணு-ரெண்டு சீட் வண்டில நடு சீட்டுல மாட்டினா தோள்பட்டைக்கு இடம் இருக்காது. அதனால எஸ்.இ.டி.சி. (அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம்) வண்டியா பாத்து முன்கூட்டியே சீட் போட்டுக்கங்க, சாய்ஞ்சு உக்காரலாம்.

ராத்திரி படுத்துட்டுப் போகணும்னா எஸ்.இ.டி.சி.லயும் ஸ்லீப்பர் இருக்கு, சீட் கிடைக்கலன்னா ஆம்னி. ஆனா மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, வண்டி எங்கேருந்து கிளம்புது, நம்ம ஊருக்கு எத்தனை மணிக்கு வருது. வேளாங்கண்ணிலேருந்தோ பட்டுக்கோட்டைலேருந்தோ வர்ற வண்டின்னா 10 மணின்னு போட்டு பதினொண்ணுக்கு வரும். ரெண்டு, கடைசி வரிசையும் டயருக்கு மேல வர்ற பெர்த்தும் வேணாம், தூக்கித் தூக்கிப் போடும். வயசானவங்களுக்கு அப்பர் பெர்த் போட்டுட்டு என்னைத் திட்டாதீங்க. மூணு, கேன்சல் பண்ணா எவ்ளோ திரும்ப வரும்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடி படிங்க. எனக்கே ஒரு தடவை பட்டுச்சு, ஏசி ஸ்லீப்பர்னு புக் பண்ணி, வந்து நின்னது செமி ஸ்லீப்பர், "வண்டி பிரேக்டவுன் சார், இதுல ஏறுங்க"ன்னுட்டாங்க. மீதிக் காசுக்கு ஒரு மாசம் போன் பண்ணேன், அப்புறம் நானே விட்டுட்டேன்.

லேடீஸுக்கு பஸ்ல ஃப்ரீதானே தம்பி, அப்புறம் எதுக்கு காசு கேக்குற?

ஒரு பெரியம்மா கேட்டது, ஜெராக்ஸ் எடுக்க நின்னவங்கல்லாம் சிரிச்சிட்டாங்க, ஆனா நிஜமாவே நிறைய பேருக்கு இந்த சந்தேகம் இருக்கு. 2021 மே மாசம் வந்த இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். சென்னை போற எக்ஸ்பிரஸ்ல, எஸ்.இ.டி.சி.ல டிக்கெட் உண்டு பெரியம்மா. பேரப் புள்ளைக்கு 5 வயசு முடியலன்னா அரசு பஸ்ல டிக்கெட் வேணாம், அதுக்கு மேல 12 வரைக்கும் அரை டிக்கெட். ஃப்ளைட்ல 2 வயசு ஆகாத குழந்தைக்கு மடியில வச்சுக்க தனியா ஒரு சின்ன கட்டணம், 2 முடிஞ்சா முழு சீட்டு. பிறந்த தேதிக்கு அத்தாட்சி எடுத்துட்டுப் போங்க.

பஸ்ஸு கோயம்பேடு வரைக்கும் போகும்ல?

இந்தக் கேள்விக்கு ஒரு போர்டே எழுதி மாட்டலாம்னு இருக்கேன். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் திறந்தாங்க, அதுக்கப்புறம் நம்ம பக்கத்து வண்டிக்கெல்லாம் வண்டலூர் பக்கத்துல இருக்குற அந்த ஸ்டாண்டுதான் எல்லை. தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி ஆளுங்களுக்கு ரொம்ப வசதி. அண்ணா நகர், பெரம்பூர், அம்பத்தூர்னா அங்கேருந்து இன்னொரு பயணம். மாநகர பஸ் உள்ளயே நிக்கும், இல்லன்னா வண்டலூரோ ஊரப்பாக்கமோ போய் மின்சார ரயில். விடியக்காலை 4 மணிக்கு மூணு பையோட இறங்குறவங்க இதையும் கணக்குல சேத்துக்கணும்.

சொல்லப்போனா ஃப்ளைட்டுக்கு இங்க ஒரு பாயிண்டு கொடுக்கணும். சென்னை ஏர்போர்ட் வாசல்லயே மெட்ரோ, எதிர்ல திரிசூலம் ஸ்டேஷன். வடசென்னை போறவங்க முதல் கேள்வில போட்ட கணக்கை இதை வச்சு ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பாருங்க.

கார்ல போனா எந்த ரூட்டு? கூகுள் ஒண்ணு சொல்லுது, மச்சான் ஒண்ணு சொல்றான்.

கும்பகோணத்துலேருந்து என்.ஹெச். 36. சோழபுரம், திருப்பனந்தாள், கொள்ளிடம் தாண்டி மீன்சுருட்டி, சேத்தியாத்தோப்பு, வடலூர், நெய்வேலி, பண்ருட்டி, விக்கிரவாண்டி, அங்க திருச்சி சென்னை ஃபோர்வேல ஏறிடலாம். உங்க மச்சான் பழைய ஞாபகத்துல அணைக்கரைய நினைச்சு பயந்திருப்பார். நியாயம்தான். அங்க 19ஆம் நூற்றாண்டுல ஆர்தர் காட்டன் கட்டின கீழணை மேலயே ரோடு, அகலம் ஒரு வண்டிக்குத்தான், இந்தப் பக்கம் நிறுத்தி அந்தப் பக்கம் விடுவாங்க, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு வெள்ளரிப்பிஞ்சு தின்னுக்கிட்டு கதவைத் திறந்து வச்சு உக்காந்திருப்போம். இப்ப கொள்ளிடத்துல ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நாலுவழிப் பாலம் வந்தாச்சு. சோழபுரம் சேத்தியாத்தோப்பு நடுவுல 50 கிலோமீட்டர் நாலுவழியை 2025 ஜூலைல முறைப்படி திறந்தாங்க. அந்த 50 கிலோமீட்டர்தான் முன்னாடி உயிரை வாங்கினது. சேத்தியாத்தோப்புக்கு வடக்க போனா பழைய பொறுமையை கொஞ்சம் கைல வச்சுக்கணும்.

"திருச்சி போய் ஃபோர்வேல போயிடலாமே"ன்னு கேக்குறவங்களுக்கு: கும்பகோணத்துலேருந்து திருச்சி 95, அங்கேருந்து சென்னை 330, மொத்தம் 425. நேரா போனா 280. ரோடு வழவழன்னு இருக்குங்கறதுக்காக 140 கிலோமீட்டர் சுத்துவீங்களா? மாயவரம், சீர்காழி ஆளுங்க சிதம்பரம், கடலூர், பாண்டிச்சேரின்னு கடலோரமா போறதுதான் வழக்கம், அதுவே சரி.

நைட்டு 11க்கு கிளம்பினா விடியறதுக்குள்ள போயிடலாம்ல, டிராஃபிக்கும் இருக்காது?

டிராஃபிக் இருக்காது. நெல்லு இருக்கும். அறுவடை நேரத்துல, குறுவைக்கு செப்டம்பர் அக்டோபர், சம்பாவுக்கு தை மாசி, ரோட்டுல பாதியை அடைச்சு நெல்லு காயும், ஓரத்துல கருங்கல்லு வச்சிருப்பாங்க, ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடினா கருப்பு ரோட்டுல கருப்புக் குவியல், லைட்டு பட்டு கண்ணுக்குத் தெரியறப்ப பத்தடி தூரம்தான் இருக்கும். நான் ஒரு தடவை திருப்பனந்தாள் கிட்ட ஸ்டியரிங்கை ஒடிச்சு, முன்சக்கரம் கல்லுல ஏறி இறங்கி, டயர் பக்கவாட்டுல வாயைப் பிளந்துடுச்சு. குவியல் மேல படுத்திருந்த பெரியவர் எந்திரிச்சு "மெதுவா வரப்படாதா தம்பி"ன்னார். அவரைச் சொல்லி குத்தமில்ல, களம் இல்லாத ஊர்ல அவர் எங்க போய் காய வைப்பார். அவரே டார்ச் அடிச்சார், ஸ்டெப்னி மாத்தினேன்.

இதோட பின்னாடி லைட்டே இல்லாத வைக்கோல் டிராக்டர், சேத்தியாத்தோப்பு பக்கம் சர்க்கரை ஆலைக்குப் போற கரும்பு லோடு, மார்கழி தைல வயல்லேருந்து எழும்புற பனி. ரெண்டு மணிலேருந்து நாலு மணி வரைக்கும் யாருக்கா இருந்தாலும் கண்ணு சொக்கும். ராத்திரிதான் போகணும்னா பஸ், இல்லன்னா ஆக்டிங் டிரைவர் போட்டுக்கங்க. கார்தான், நாமளே ஓட்டணும்னா காலைல நாலரை, அஞ்சுக்கு கிளம்புங்க, வடலூர்ல டிபன்.

ஃபாஸ்டாக் வருஷ பாஸ் எடுத்தா லாபமா?

2025 ஆகஸ்ட் 15லேருந்து வந்தது, ஆரம்ப விலை 3,000 ரூபாய், 200 ட்ரிப் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அது. சொந்த கார், ஜீப், வேனுக்கு மட்டும். ட்ரிப்புன்னா சென்னை போயிட்டு வர்றது ஒரு ட்ரிப்னு நினைச்சுக்காதீங்க, ஆத்தூர் (சேலம் ஆத்தூர் இல்ல, திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்குறது), பரனூர்னு ஒவ்வொரு பூத்தைத் தாண்டுறதும் ஒரு ட்ரிப். மாசம் ஒரு தடவை போறவங்களுக்கு எடுத்த காசு வந்துடும், தீபாவளி பொங்கலுக்கு மட்டும் போறவங்களுக்கு வேணாம்.

தெரிஞ்ச பையன் ஒயிட் போர்டு வண்டி வச்சிருக்கான், டாக்சியை விட கம்மிக்கு வர்றேங்கறான். போகலாமா?

பையன் நல்லவனா இருப்பான், பிரச்னை பையன்கிட்ட இல்ல. சொந்த உபயோகத்துக்குன்னு பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுறது சட்டப்படி தப்பு. வழில எதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கேக்குறதே "காசு கொடுத்தா வந்தீங்க?"தான். மஞ்சள் போர்டு ஒன்வே டிராப் டாக்சி பாருங்க, டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேத்து எவ்ளோன்னு ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

அப்பாவுக்கு 78 வயசு, முட்டி வலி, சென்னைல டாக்டரைப் பாக்கணும். ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போறதுதானே மரியாதை?

மரியாதை இருக்கட்டும் சார், முட்டியப் பாப்போம். திருச்சி வரைக்கும் ரெண்டரை மணி நேரம் கார்லதானே உக்காந்து போகப் போறார், அதோட இறங்கி, ஏறி, லைன்ல நின்னு. வீல்சேர் உண்டு, டிக்கெட் போடும்போதே குறிச்சிடணும். ஆனா சென்னைக்குப் போறதுல சின்ன ஏடிஆர் விமானமா இருந்தா படியேறி உள்ள போகணும், நடக்கவே முடியாதவர்னா அதுக்கு வேற ஏற்பாடு வேணும்னு முன்னாடியே சொல்லணும். என்னைக் கேட்டா கார், முன் சீட்டை பின்னாடி தள்ளி காலை நீட்டி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நாலடி நடக்க விட்டு. ராத்திரி பஸ் வேணவே வேணாம், 78 வயசுல நடுராத்திரி ஒண்ணுக்கு வந்தா வண்டிய நிறுத்தச் சொல்லி டிரைவர்கிட்ட கெஞ்சணுமா? இல்லன்னா அடுத்த கேள்வியப் பாருங்க.

எல்லாம் சொல்றீங்க, ரயிலைப் பத்தி ஏன் வாயே திறக்க மாட்டேங்கறீங்க?

கிடைச்சா ரயில்தான், அதுக்கு எதுக்கு கேள்வி பதில்! ராத்திரிக்கு உழவன், பகலுக்கு சோழன், ரெண்டும் மாயவரம் கும்பகோணம் வழி, தாம்பரத்துலயே இறங்கிக்கலாம், பாத்ரூம் உண்டு, வயசைச் சரியா போட்டா பெரியவங்களுக்கு லோயர் பெர்த்துல முன்னுரிமை. என்கிட்ட பஸ்ஸா ஃப்ளைட்டான்னு கேட்டு வர்றவங்களே ரயில் டிக்கெட் கிடைக்காம வர்றவங்கதான். 2024 நவம்பர்லேருந்து 60 நாள் முன்னாடிதான் புக்கிங் திறக்குது, அந்த அறுபதாவது நாள் காலைல 8 மணிக்கு வாங்க, நாலு நாள் முன்னாடி வந்து "ஒரு கன்ஃபர்ம் டிக்கெட் பாத்துக் கொடுங்களேன்"னா நான் என்ன மந்திரவாதியா.

பெங்களூருக்கும் இதே கணக்குதானா?

கணக்குப் போடுற விதம் ஒண்ணு, விடை வேற. இங்க திருச்சி போற வழிதான், எதிர்ப்பக்கம் இல்ல, ரோட்டுல போனாலும் திருச்சி, நாமக்கல், சேலம், ஓசூர்னு 430 கிலோமீட்டருக்கு மேல. அதனால ஃப்ளைட்டுக்கு நியாயம் இருக்கு. ஆனா ஒரு கண்ணி உண்டு. பெங்களூர் ஏர்போர்ட் தேவனஹள்ளில, ஊருக்கு வடக்க. நம்ம பசங்க முக்காவாசி இருக்குறது எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, தெற்க. இறங்கினப்புறம் ஊரையே குறுக்க கடக்கணும், சாயங்காலம்னா பறந்த நேரத்தை விட அது ஜாஸ்தி. ஓசூர் வழியா வர்ற பஸ்ஸு எலக்ட்ரானிக் சிட்டி பாலத்துக்கிட்டயே இறக்கி விட்டுடும். ஹெப்பால், யெலஹங்கான்னா ஃப்ளைட், எலக்ட்ரானிக் சிட்டின்னா நைட் பஸ் அல்லது மைசூர் எக்ஸ்பிரஸ் ரயில்.

நாளைக்கு காலைல 10 மணிக்கு இன்டர்வியூ. முதல் ஃப்ளைட் பிடிச்சா டென்ஷன் இல்லாம போயிடலாம்ல?

டென்ஷனே அதுலதான். மார்கழி தைல பனி இறங்கினா காலை ஃப்ளைட்டுதான் முதல்ல லேட்டாகும், அதுக்கு அடுத்த வண்டி நீங்க போற நேரத்துக்கு உதவாது. பஸ் ஒண்ணு நின்னா பின்னாடி இன்னொண்ணு வரும்னு சொன்னேன்ல, அந்த வசதி ஆகாயத்துல கிடையாது. முதல் நாள் சாயங்காலமே கிளம்பி அங்க யார் வீட்டுலயாவது தங்கிடுங்க.

ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டுட்டேன், போக முடியல. நான்-ரீஃபண்டபிள்னு போட்டிருக்கு, மொத்தமும் போச்சா?

மொத்தமும் போகல. டிக்கெட் விலைக்குள்ள ஏர்போர்ட்டுக்கான கட்டணம், வரின்னு ஒரு பகுதி இருக்கும், நீங்க பறக்கலன்னா அது திரும்ப வரணும். சும்மா போகாம இருந்துடாதீங்க, நேரத்துக்கு முன்னாடி கேன்சல் பண்ணுங்க, பண்ணிட்டு கேளுங்க.

பொண்ணுக்கு வெத்தலை, நெய், மாவடு எல்லாம் கொடுத்து விடணும். ஃப்ளைட்ல விடுவானா?

கைப்பை 7 கிலோ, உள்ள போடுற பெட்டி வழக்கமா 15 கிலோ. நெய், மாவடு, ஊறுகாய் எல்லாம் பெட்டில, மூடிய டேப் சுத்தி. கொப்பரைத் தேங்காய் ரெண்டுலயும் ஆகாது, எண்ணெய் தீப்பிடிக்கும்னு தடை. பவர் பேங்க் கைப்பைல மட்டும். வெத்தலை ஒண்ணும் பிரச்னையில்ல, ஈரத்துணில சுத்திக் கொடுங்க. அரிசி ஒரு சிப்பம்னா காரைத் தவிர வேற வழி இல்ல.

பொங்கல் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பினா எத்தனை மணிக்குப் போவோம்?

திங்கக்கிழமை. சிரிக்காதீங்க, செங்கல்பட்டு தாண்டி பரனூர்லேருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஊர்ந்துதான் போகும், கார், ஆம்னி, அரசு பஸ்ஸு எல்லாருக்கும் ஒரே கதி. அன்னிக்கு மட்டும் ஃப்ளைட்டும் ரயிலும் ராஜா, ஆனா ரேட்டும் ராஜா ரேட்டு. காலைல பொழுதோட கிளம்புங்க, இல்ல ஒரு நாள் லீவு சேத்துப் போடுங்க. 2028ல மகாமகம் வருது, 2016 கூட்டத்தைப் பாத்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ராத்திரி 9 மணிக்கு போன், சென்னைல சித்தப்பா தவறிட்டார். காலைல எடுத்துடுவாங்களாம். எதுல போறது?

கடை ஷட்டரைப் பாதி இறக்கினப்புறம் குனிஞ்சு உள்ள வந்து கேட்டவர் கேள்வி இது. கைல கார் சாவி. நான் சாவிய வாங்கி டேபிள்ல வச்சுட்டு, அழுத கண்ணோட ராத்திரில ஓட்டாதீங்க, நெல்லு கதை மேல சொன்னேன்ல, அந்த ரோடுதான்னேன். ஃப்ளைட் காலைலதான், அதுவும் திருச்சிலேருந்து. நேரா பஸ் ஸ்டாண்டு போங்க, சென்னைன்னு போர்டு போட்ட கவர்மென்ட் வண்டி எதுவா இருந்தாலும் ஏறிடுங்க, ஏசியா ஸ்லீப்பரான்னு பாக்காதீங்க, புக்கிங்கும் வேணாம், கண்டக்டர்கிட்ட விஷயத்தைச் சொன்னா முன்னாடி சீட்டு ஒதுக்கிக் கொடுத்துடுவாங்க, கிளாம்பாக்கத்துக்கு யாரையாவது வண்டியோட வரச் சொல்லிடுங்கன்னேன். என் பையன் வண்டில கொண்டு போய் விட்டுட்டு வந்தான். நாலரை மணிக்கே இறங்கிட்டேன்னு அவர்கிட்டேருந்து மெசேஜ் வந்துச்சு. கார் சாவி மூணு நாள் என் டேபிள் டிராயர்லதான் கிடந்துச்சு.